மூன்று வரி அசோகர்

தருமபுரி ஜில்லாவில் புளி வியாபாரம் செய்து என்னைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் புளி வியாபாரமே செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஏரியூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டிலிருந்து, மாற்றுத் துணி இல்லாமல் பாலக்கோட்டுக்கு வந்தவன் நான். தோளில் மூட்டை, கையில் கொக்கி. எந்த மண்டியில் மூட்டை இறக்கினேனோ அதே மண்டியைத் தலை நரைக்கும் முன்பே வாங்கி, வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டினேன். யாரும் கை தூக்கிவிடவில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை; அந்த வாரம் கடலைக்காய் பிடுங்கப் போய்விட்டேன். இதை மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். தட்டத் தட்ட நானும் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன்.

ஐந்தாம் வகுப்பு என்பது மேடையில் பெருமைதான். பெண்கள் பள்ளியின் தையல் அறையில், கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு எதிரே, கையில் பேனாவோடு உட்கார்ந்தபோது அது என்னவாக இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். பிழை திருத்துவது அச்சகத்தார் பாடு.

முதலில் என் எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மண்டியில் சிட்டை எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விவசாயி வந்து உட்கார்ந்தால் நேராகப் புளிக்கு வர மாட்டார். மழை ஏமாற்றியது, மாடு நொண்டியது, மருமகன் கோபித்துக்கொண்டு போனது எல்லாம் சொல்லி முடித்துத்தான் சரக்கின் பக்கம் திரும்புவார். நான் தலையை ஆட்டிக்கொண்டே எழுதுவேன். அவர் எழுந்து போகும்போது சிட்டையில் அரை வரிதான் இருக்கும்: ‘பு. கொட்டை எடுத்தது. ஈரம். நாளை.’ அவ்வளவுதான். அந்த அரை வரியில் எல்லாம் அடங்கிவிடும். என் பழைய முதலாளியே, “உன் சிட்டையில ஒரு எழுத்து வீண் கெடையாதுடா” என்று சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

அடுத்தது என் வாசிப்பு. காலையில் மண்டி திறந்ததும் மூட்டைக்காரர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேப்பர் படிப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் நிற்கிற வழக்கம் இல்லை. முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை பார்த்து, நடுவில் எனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பி, குரலை உயர்த்திப் படித்துக்கொண்டே போவேன். மந்திரி சேலத்துக்கு வந்தார் என்று இருந்தால், என் வாயில் அவர் மாலை மரியாதையோடு வருவார். கேட்டவர்களுக்கும் அதுதான் பிடித்தது.

மண்டியை ஒட்டி, நடுவில் ஒற்றைச் சுவர் மட்டும் இருக்க, பாய் ஒருவர் தையல் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. பாய்க்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது; அளவைக்கூட நூலில் முடிச்சுப் போட்டுத்தான் வைத்துக்கொள்வார். அவருடைய ஒரே மகள்தான் நான் சொல்கிற பெண். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வயதில் அம்மை வந்து பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கண் தெரியாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில், வெளியூரில், எட்டாவது வரை படித்தாள். பிறகு ஊருக்கு வந்து மற்றப் பெண்களோடு சேர்ந்து பெண்கள் பள்ளியில் படித்தாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று இருந்த டீச்சர் ஒருவர் தருமபுரியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து அவளுக்கு உதவி செய்துவிட்டுப் போவார்.

சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாய் பித்தான் அடிக்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால், அவள் ஒரு சட்டத்துக்குள் தாளை மாட்டி, ஊசியால் குத்திக் குத்திப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி பாடத்தை வாசிக்க, இவள் குத்துகிறாள். பிறகு தாளைத் திருப்பி விரலால் தடவிப் படிக்கிறாள். தாள் கெட்டியாக இல்லாவிட்டால் கிழிந்துவிடுமாம். மறுநாளே மண்டியில் கிடந்த பழைய காலண்டர்களை எல்லாம் தூசி தட்டிக் கொடுத்தனுப்பினேன். ‘பாய் மகள் படிப்பு என் காலண்டரில்தான் ஓடுகிறது’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

“அண்ணே, நீங்க குடுத்த தாளுக்கு முன்பக்கம் என்ன படம்ணே?”

“பசுவும் கன்னுக்குட்டியும் தாயி.”

“பாவம். அது முதுகுலதான் பானிபட்டு யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கு.”

மூட்டைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் காலையில் பேப்பர் படிக்கும்போது அந்த டொக் டொக் சத்தம் நின்றுவிடும். அவளும் கேட்கிறாள் என்று அதில் தெரியும். “ஊரு உலகத்துல நடக்கறதை எல்லாம் நீங்க படிச்சுத்தாண்ணே தெரிஞ்சுக்கறேன்” என்பாள். எனக்குத் தலை கூரையில் இடிக்காத குறை.

அவளுக்கு ஒரே ஆசைதான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்ய வேண்டும். அப்போது அது பதினோராம் வகுப்பு. பாஸ் செய்தால், கண் தெரியாத பிள்ளைகளுக்கு டீச்சராவதற்கு ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாகத் தருமபுரி டீச்சர் பேசி வைத்திருந்தார். அந்த வருஷம் ஜூனில் சேர வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் கடையில் உட்கார்ந்து சட்டைப் பித்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காஜாவும் நன்றாகத்தான் எடுப்பாள். “நாலு விரலுக்குள்ள முடிஞ்சு போற வேலைண்ணே அது” என்று ஒருமுறை சொன்னாள்.

பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத வேண்டும். எழுதுகிறவர் அவளைவிடக் குறைந்த படிப்புப் படித்தவராக இருக்க வேண்டும், சொந்தமாகவும் இருக்கக் கூடாது என்று விதி. கீழ் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து முதல் பரீட்சைகளை எழுதிக் கொடுத்தாள். சரித்திரப் பரீட்சை அன்று காலையில், அந்தப் பெண்ணுக்குக் கன்னம் இரண்டும் பொம்மென்று உப்பி, பொன்னுக்கு வீங்கி என்று வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். மற்ற வகுப்புகளுக்கு லீவு விட்டாயிற்று. பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போயிருந்தார்கள். துணைக்கு வந்திருந்த தருமபுரி டீச்சர் தெருத் தெருவாக அலைந்து, வியர்த்துப் போய்த் தையல் கடை வாசலில் வந்து நின்றார். பாய் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் சிட்டைக் கட்டை வைத்துவிட்டு எழுந்தேன்.

“இதுக்குப் போயி ஏன் டீச்சர் அலையறீங்க? குறைஞ்ச படிப்புதானே வேணும்? இந்த ஜில்லாவுலயே என்னைவிடத் தகுதியான ஆளு கெடையாது.”

டீச்சர் சிரிக்கவில்லை. “வேகமா எழுதுவீங்களா? அவ சொல்றதை அப்படியே எழுதணும்.”

“எங்க மொதலாளி எழுதாத எழுத்தா டீச்சர்! காலைல இருந்து பொழுதுக்கும் எழுதிக்கிட்டேதான் இருக்காங்க” என்று பாய் முந்திக்கொண்டார்.

பாய் மகள் மட்டும் முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். “அண்ணே, நெசமா வருமாண்ணே?”

“உங்க அத்தா மிசினு ஓட்டற வேகத்துக்கு எழுதுவேன், வா தாயி.”

நல்ல வேட்டி கட்டி, சட்டைப் பையில் மைப் பேனா செருகிக்கொண்டு போனேன். வழியில் கண்ட பேரிடமெல்லாம் பரீட்சை எழுதப் போவதாகச் சொன்னேன். தலைமையாசிரியை அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு வழி இல்லாமல் சம்மதித்தார். சத்தம் போட்டுச் சொல்லி எழுத வேண்டும் என்பதால் எங்களைத் தனியாகத் தையல் அறையில் உட்கார வைத்தார்கள். சுவரோரம் மூடி போட்ட தையல் மிஷின்கள். மேற்பார்வைக்கு ஒரு டீச்சரம்மா. அவர் கேள்விகளைப் படித்துக் காட்டினார்.

சின்னக் கேள்விகள் ஓடிவிட்டன. ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. எனக்குக் குஷியாகிவிட்டது. பிறகு கட்டுரைக் கேள்வி வந்தது. அசோகரைப் பற்றி. அவள் முதுகை நிமிர்த்தி, மடியில் கை கோத்துக்கொண்டு, மணி மணியாகச் சொல்ல ஆரம்பித்தாள். “மௌரியப் பேரரசின் மாபெரும் சக்கரவர்த்தியான அசோகர், கலிங்கப் போரின் கொடுமையைக் கண்டு மனம் நொந்து...” என்று போகிறது. எனக்கு ‘மௌரிய’ என்ற முதல் வார்த்தையிலேயே கை நின்றுவிட்டது. அதை நான் பேப்பரில்கூடப் பார்த்ததில்லை. அதை யோசிப்பதற்குள் அவள் கலிங்கம் போய்விட்டாள். கலிங்கத்தைப் பிடிப்பதற்குள் தர்மச் சக்கரம் வந்துவிட்டது.

நிறுத்து தாயி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. பாய் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறார், ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். அவள் பேசட்டும், சாரத்தை நான் எழுதுகிறேன் என்று முடிவு செய்தேன். அது கெட்டிக்காரத்தனம் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது. திருத்துகிறவருக்கும் இத்தனையையும் படிக்க நேரம் ஏது?

‘அசோகர் சண்டை விட்டார்.
மரம் வைத்தார்.
கிணறு வெட்டினார். நல்ல ராஜா.’

மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சிட்டை முடிந்தது.

“பேனா நின்னுடுச்சேண்ணே” என்றாள்.

“நீ சொல்றப்பவே முடிச்சுட்டேன் தாயி. கை பழகின கை.”

அடுத்தது அக்பர். அதையும் அப்படியே அடைத்தேன். அவள் பாதி சொல்லிக்கொண்டு வரும்போதே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். நிப்பு தாளில் உரசுகிற சத்தத்தைக் கேட்கிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சொல்வதை நிறுத்தினாள்.

“அண்ணே, அசோகரைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க.”

எனக்கா பயம்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மூன்று வரியைப் பார்த்தபடி, பேப்பர் படிக்கிற குரலில் எடுத்துவிட்டேன். “மகா கீர்த்தி பெற்ற அசோகச் சக்கரவர்த்தியானவர், கலிங்கப் போரிலே படைகள் மடிந்ததைக் கண்டு, கண்ணீர் வடித்து...”

“நான் கீர்த்தின்னு சொல்லலியே.”

நான் தாளைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“கண்ணீருன்னும் சொல்லல.” மேற்பார்வை டீச்சர் இருந்த பக்கம் திரும்பினாள். “டீச்சர், அண்ணன் எவ்வளவு எழுதியிருக்காங்க?”

டீச்சரம்மா எழுந்து வந்து தாளைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று அவருக்கே சங்கடம்.

“மூணும்மா” என்றார்.

“மூணு பக்கமா டீச்சர்?”

“மூணு வரி.”

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

“பேப்பர்லயும் இப்படித்தானாண்ணே படிச்சீங்க?”

தையல் மிஷின் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தினமும் காலையில் டொக் டொக் சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் காது கொடுத்துக் கேட்டது எல்லாம், எது நிஜம், எது என் சரக்கு என்று அவளுக்கு இனிமேல் எப்படித் தெரியும்?

“சரி, இருக்கிற நேரத்துக்கு எழுதலாம்” என்றாள். “நான் எழுத்தெழுத்தா சொல்றேன். கேட்டு எழுதுங்க.”

அதன்பின் நடந்ததுதான் பரீட்சை. குழந்தையாக இருந்தபோது பார்த்த எழுத்துகளை ஞாபகத்திலிருந்து எடுத்து, அந்தப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். “மானாவுக்கு முன்னாடி ஒத்தைக் கொம்பு, பின்னாடி ளானா மாதிரி போடுங்கண்ணே. போட்டாச்சா? இப்ப ரானா... மேல சுழிச்சா ரி.” வேர்வை தாளில் விழுந்து மை பரவியது. மீசை வைத்த ஆண் பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுவதை அந்த டீச்சரம்மா பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணி அடித்தபோது அசோகர் மட்டும் ஒழுங்காக முடிந்து, அக்பர் பாதியில் நின்றார். மற்றக் கேள்விகளை அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை. அத்தனைக்கும் அவளிடம் பதில் இருந்தது.

வெளியே பாய் எனக்காகச் சர்பத் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். “என் புள்ளைக்குக் கண்ணா இருந்தீங்க மொதலாளி.” அந்தச் சர்பத்தை நான் குடித்தேன். குடிக்காமல் என்ன செய்வது? அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணன் பாவம் அத்தா, ரொம்ப வேர்த்துப்போச்சு, போலாம்” என்று மட்டும் சொன்னாள்.

மீதிப் பரீட்சைகளுக்குத் தருமபுரி டீச்சர் எங்கிருந்தோ வேறொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் அந்த அறையோடு போயிற்று என்று நான் நினைத்தேன். அதனால் என் வாயும் பழையபடி திறந்துகொண்டது. டீக்கடையில், “நானும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினவன்தான்யா” என்று ஆரம்பித்தேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருநாள் என்னிடமே மூட்டை தூக்குகிற ஆள், டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

“ஏங்க மொதலாளி, அசோகரு மரம் வெச்சாரு, கெணறு வெட்டுனாரு. அப்பறம் என்னாங்க பண்ணாரு?”

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பியூனும் அதே கடையில்தான் டீ குடிக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பரீட்சை முடிந்த அன்றிலிருந்தே ஊருக்குத் தெரியும். பாய்க்கும் தெரியும். நான் மட்டும்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, தெரிந்தவர்கள் நடுவில் இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். பாய் ஒரு நாளும் முகம் மாறவில்லை. என் சட்டைக்கு அளவெடுத்தார், மொதலாளி என்றே கூப்பிட்டார். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

ரிசல்ட் பேப்பரில் வரும். பாஸான நம்பர்கள் மட்டும் வரிசையாக அச்சாகியிருக்கும். அன்று காலையில் பாயும் மகளும் மண்டி வாசலில் வந்து நின்றார்கள். ஊரில் முதலில் பேப்பர் வருகிற இடம் என் மண்டிதான். பரீட்சைக்குப் பிறகு அன்றுதான் அவள் என் வாசலுக்கு வந்தாள்.

நான் பேப்பரை விரித்தேன். அவள் நம்பரை அவளே சொன்னாள். அதற்கு முந்தின நம்பர் இருந்தது. பிந்தின நம்பரும் இருந்தது. நடுவில் இல்லை. முன்னும் பின்னும் பார்த்து நடுவில் நிரப்புகிறவன் நான். எத்தனையோ மந்திரிகளுக்கு மாலை போட்டவன். எனக்கு அங்கே ஒரு எண்ணைப் போட முடியவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

“சொல்லுங்கண்ணே” என்றாள்.

“இல்ல தாயி.”

“சரித்திரம்தான் போயிருக்கும்” என்றாள். அப்பாவின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மார்க்கு வந்தபோது அப்படித்தான் இருந்தது. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க்கு. ஜூன் மாதம் பயிற்சிப் பள்ளி திறந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் பேப்பர் படிப்பதை நிறுத்தினேன். கொஞ்ச நாள் கழித்துச் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. “அண்ணே, பேப்பர் வர்றதில்லையா?” வருகிறது என்றேன். “அப்ப படிக்கலாமில்ல?” என்றாள். படித்தேன். தெரியாத வார்த்தை வந்தால் நின்றேன். எழுத்துக் கூட்டிச் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து அது என்ன வார்த்தை என்று பதில் வரும். மூட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். முன்பு ஒரே மூச்சில் ஓடின பக்கம், இப்போது நொண்டிக்கொண்டு போயிற்று. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்குக் காது சிவக்கும். ஆனாலும் படித்தேன்.

மறுபடி எழுதும் பரீட்சை செப்டம்பரில் வந்தது. “நான் பழகியிருக்கேன் தாயி” என்று சொல்லிப் பார்த்தேன். “வேண்டாம்ணே” என்றாள். ஏழாவது படிக்கிற சிறுமி ஒருத்தியைப் பழக்கி வைத்திருந்தாள். நான் பள்ளிக்கூட வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன்.

அந்த ரிசல்ட்டும் என் மண்டிக்குத்தான் முதலில் வந்தது. அவள் அப்பாவோடு வந்து நின்று, இந்தத் தடவையும் நம்பரைத் தானே சொன்னாள். நான் விரலை வைத்துத் தேடினேன். நம்பர் இருந்தது. விரலை எடுக்காமல் இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு மண்டியே அதிரக் கத்தினேன்.

“பாஸ் தாயி! பாஸ்!”

பாய் இரண்டு கையையும் மேலே தூக்கினார். அவள் முகம் மலரவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள், தையல் அறையில் சாய்த்த மாதிரியே.

“நம்பரை ஒண்ணொண்ணா சொல்லுங்கண்ணே.”

சொன்னேன்.

“அந்த நம்பரு எனக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்கும் தெரியும்” என்றாள். கையை நீட்டினாள். “கோவிச்சுக்காதீங்கண்ணே. பேப்பரைக் குடுங்க. டீச்சர் இன்னைக்கு வர்ற நாளு. பஸ்ஸுக்குப் போயி அவங்களைப் பார்க்கச் சொல்றேன்.”

விரலை எடுத்தேன். வைத்திருந்த இடத்தில் வேர்வை பட்டு அச்சு மை லேசாகக் கலங்கியிருந்தது. நம்பர் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது. பேப்பரை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். என் பெயர் எழுதின பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, தருமபுரி பஸ் வருகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.